கூறைப் பெட்டியில் வந்த சாமான்

அத்தியாயம் பதினான்கு

பேர்னாட் தன் மனைவியை நோக்கித் துப்பாக்கியை ஒருநாளும் நீட்டியதில்லை. சாப்பாட்டு மேசையில் வைப்பார், அவ்வளவுதான். சம்பல் கோப்பைக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் நடுவில் வைத்துவிட்டு, "என்ன, இண்டைக்கும் பருப்போ?" என்று கேட்பார்.

சென்ற செவ்வாய்க்கிழமை புதுக்கடை நீதிமன்றத்தில் செலீன் இதைத்தான் சொன்னாள். பேர்னாடின் வக்கீல் எழுந்தார். தம் கட்சிக்காரர் பேர்ஸையும் வீட்டுப் பூட்டுகளின் திறப்புக் கோர்வையையும்கூட மேசையில்தான் வைப்பார் என்றும், அவற்றைப் பற்றி மனைவி முறைப்பாடு எதுவும் செய்யவில்லை என்றும் எடுத்துக் காட்டினார்.

நீதவான் சிரிக்கவில்லை. செலீனின் இடது கை முறிந்ததற்கான ஆஸ்பத்திரித் துண்டை இரண்டு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார். விசாரணை முடியும்வரை இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை. செலீன் இருக்கும் இடத்துக்குப் பேர்னாட் போகக் கூடாது. துப்பாக்கியைப் பொலிஸ் எடுக்க வேண்டும். அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தம்.

அந்தக் கட்டளையைச் செலீனின் அண்ணன் நோபேட் அன்று பின்னேரமே லெமினேட் பண்ணிவிட்டார். மழை பட்டாலும் சட்டம் நனையக் கூடாது என்பது அவர் எண்ணம். காப்புறுதிக் கொம்பனியில் இருபத்திரண்டு வருட அனுபவம் உள்ளவர்.

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், ஐந்தாம் மாடியில் அண்ணனும் அண்ணி புளோறன்ஸும் இருக்கும் வீட்டில் செலீன் ஒன்பது நாளாகத் தூங்கப் பழகிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பெட்டி வந்தது.

கொண்டுவந்தவன் மர்ஸூக். கொட்டாஞ்சேனையில் அவர்களோடு ஒரே வீட்டில் இருந்த செலீனின் மாமி, பேர்னாடின் தாய் மாக்ரெட், பூசைக்குப் போவதும் வருவதும் அவனுடைய ஆட்டோவில்தான். ஐந்து மாடி ஏறிய மூச்சோடு பெட்டியை வாசலில் இறக்கினான். இறக்கிய விதம் பச்சைக் குழந்தையை இறக்குவது போலிருந்தது.

"செலீன் அக்காட கையில மட்டும் குடுக்கச் சொன்ன," என்றான். "குலுக்காமக் கொண்டுபோ எண்டும் சொன்ன. காலி வீதி முழுக்க நான் குழி பாத்துப் பாத்து வந்த. கண்ணாடிச் சாமானா இருக்கி?"

"கலியாணச் சாமான்," என்றாள் புளோறன்ஸ், பெட்டியைப் பார்த்த மாத்திரத்தில்.

செலீனின் கூறைப் பெட்டி அது. பித்தளை மூலை போட்ட பச்சை டிரங்கு. மாக்ரெட்டின் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. மருமகள் வீட்டை விட்டுப் போனால் அவளுடைய கூறைப் பெட்டியை மாமியார் தன் கையால் அடுக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். இனி வராதே என்றும் அதற்கு அர்த்தம் சொல்லலாம், உன் மரியாதை உன்னோடு என்றும் சொல்லலாம். அனுப்பியவரைக் கேட்டால்தான் தெரியும். யாரும் கேட்பதில்லை.

"மனுசி உன்னைத் தலை முழுகிட்டுது," என்றாள் புளோறன்ஸ்.

"அப்பிடி இராது அண்ணி."

"பின்ன என்ன, பூச்சி அரிச்சிடும் எண்டா அனுப்பினவ?"

மர்ஸூக் போய்விட்டான். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை அவனை ஒருவரும் மறிக்கவில்லை. ஏழு வருடத்துக்கு முந்தியென்றால் அந்தப் பெட்டியை நாலு இடத்தில் திறந்திருப்பார்கள், சேலையை உதறிப் பார்த்திருப்பார்கள், அவனுடைய தாய் தகப்பன் பெயரையும் எழுதியிருப்பார்கள். யுத்தம் முடிந்ததில் கிடைத்த வசதிகளில் இதுவும் ஒன்று.

பத்து மணிக்குச் செலீனின் வக்கீல் லுத்பியா போன் பண்ணினார்.

"செலீன், இருந்துகொண்டு கேளுங்க," என்றார். "நேத்துப் பின்னேரம் பொலிஸ் உங்கட வீட்டுக்குத் துவக்கு எடுக்கப் போயிருக்கி. துவக்கு இல்ல. அலுமாரி லொக்கர் வெறும். உங்கட புருஷன் என்ன சொல்லியிருக்கார் தெரியுமா? பொஞ்சாதி வீட்ட விட்டுப் போகக்குள்ள எடுத்துக்கொண்டு போயிட்டாவாம். எழுத்தில முறைப்பாடே குடுத்திருக்கார்."

செலீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் ஒரு செருப்போட ஓடி வந்தனான் மிஸ். மற்றச் செருப்பை எடுக்கவே நேரம் இல்லை. துவக்கை எடுத்தனானாமோ?"

"பொய்தான். எனக்கு விளங்கும். நாளைக்குக் கோட்டில சொல்லுவம், தேடிப் பாருங்க எண்டு."

"தேடட்டும். அண்ணான்ர வீட்டை வந்து தலைகீழாப் புரட்டட்டும்."

அந்த வசனம் முடிந்ததும் பின்னாலிருந்து பூச்சி உருண்டை மணந்தது.

செலீன் திரும்பிப் பார்த்தாள். புளோறன்ஸ் பெட்டியைத் திறந்திருந்தாள். அடுத்தவர் பெட்டியைத் திறக்கும் பழக்கம் தனக்கில்லை என்று எப்போதும் சொல்பவள். கூறைச்சேலை சோபாவில் கிடந்தது. அதன் மேல் அந்தோனியார் படம் ஒன்று. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர்.

புளோறன்ஸின் கையில் விரித்த தலையணை உறை. உறைக்குள் கறுப்பாக ஒரு பிஸ்டல்.

அவள் கத்தவில்லை. பதினெட்டு வருடக் கலியாண வாழ்க்கையில் நோபேட் தன் மனைவியைச் சத்தமில்லாமல் பார்ப்பது அதுவே முதல் தடவை. அந்தப் பயத்திலேயே அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் துப்பாக்கியைக் கண்டார்.

"கீழ வை," என்றார் மெதுவாக. "இல்லை, கீழ வைக்காத. பிடி. இல்லை, பிடிக்காத."

புளோறன்ஸ் அதைக் குஷனில் வைத்தாள். வைத்த கையை அப்படியே காற்றில் பிடித்துக்கொண்டிருந்தாள், அது தன் கை இல்லை என்பது போல.

நோபேட் முதல் வேலையாக ஜன்னல் சீலையை இழுத்து மூடினார். ஐந்தாம் மாடிக்குள் எட்டிப் பார்க்கக் காகத்தால்தான் முடியும்.

"கடல் ரெண்டு நிமிஷம்," என்றார். "ஷொப்பிங் பேக்கில போட்டு, மீன் வாங்கப் போற மாதிரிப் போய், எறிஞ்சிட்டு வாறன்."

"நோபேட்!" என்று போனுக்குள்ளிருந்து குரல் வந்தது. லுத்பியா இன்னும் அங்கேதான் இருந்தார். "என்ன எறியப் போறீங்க?"

செலீன் சொன்னாள். சொல்லும்போது வசனம் சின்னதாக இருந்தது. பெட்டி வந்தது, திறந்தோம், இருக்கிறது.



"அல்லாவே," என்றார் லுத்பியா. "ஒத்தரும் தொட வேணாம். நோபேட், நீங்க முக்கியமாத் தொட வேணாம். லைசன்ஸ் இல்லாத ஆள்ட வீட்டில துவக்கு இருந்தா அது வேற சட்டம். பெயில் எடுக்கிறதும் லேசில்ல. விளங்குதா? நேத்து உங்கட புருஷன் சொன்ன பொய், இண்டைக்கு உண்மையாகிட்டு. அந்த மனிசனுக்கே இன்னும் தெரியாது."

நோபேட் லெமினேட் பண்ணிய கட்டளையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சோபாவின் தூரத்து மூலையில் உட்கார்ந்தார். தங்கச்சியைக் காப்பாற்றும் தாள் அது. இப்போது அந்தத் தங்கச்சியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டிய நிலை.

"நானே பொலிஸுக்கு அறிவிக்கிறன்," என்றார் லுத்பியா. "பெண்கள் பிரிவிலயிருந்து ஆள் வரும். ஒண்டும் மறைக்காம உள்ளதைச் சொல்லுங்க. யார் அனுப்பின எண்டும் சொல்லுங்க."

போனை வைத்த செலீன், அடுத்த நிமிடமே மாக்ரெட்டுக்குக் கோல் எடுத்தாள்.

"பெட்டி வந்ததோ?" என்றார் மாக்ரெட், வேறு ஒன்றும் கேட்காமல்.

"மாமி, உள்ளுக்க என்ன வச்சீங்க?"

"கண்டிட்டியோ. நல்லது. பத்திரமா வை."

"மாமி! அது துவக்கு!"

"துவக்கெண்டு எனக்குத் தெரியாதோ பிள்ளை? அவன் வீடு முழுக்கத் தேடுவான். பொம்பிளையின்ர கூறைக்குள்ள மட்டும் கை வைக்க மாட்டான். அப்பிடி நான் வளர்க்கேல்ல."

"பொம்பிளையின்ர கையை முறிக்க மட்டும் வளர்த்தனீங்களோ?"

வாயிலிருந்து போன பிறகுதான் தான் சொன்னது செலீனுக்குக் கேட்டது. பதின்மூன்று வருடத்தில் மாமியிடம் அவள் பேசிய முதல் சூடான வார்த்தை.

மாக்ரெட் கோபிக்கவில்லை. "அது அவன்ர அப்பா பழக்கினது," என்றார். "என்ர வலது கை. உனக்குச் சொல்லேல்ல."

மாமி எப்போதும் இடது கையால் தேங்காய் துருவுவதைப் பார்த்திருக்கிறாள். பிறவிப் பழக்கம் என்று நினைத்திருந்தாள்.

"பொலிஸிட்டையே குடுத்திருக்கலாமே மாமி?"

"குடுத்தா? ஆரையும் பிடிச்சுக் கதைச்சுப் பேசி ரெண்டு மாசத்தில திருப்பி எடுத்திடுவான். உன்ர கையில இருந்தா நீ குடுக்க மாட்டாய்தானே?"

இந்த யோசனையில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியாது. சட்டத்தால் மட்டும்தான் முடியும்.

"பிள்ளை," என்றார் மாக்ரெட், குரலைத் தாழ்த்தி. "நான் அனுப்பினதெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத. அவனுக்குத் தெரிய வந்தா இந்த வீட்டில நான் இருக்கேலாது."

"சொல்ல மாட்டன் மாமி," என்றாள் செலீன்.

சார்ஜண்ட் இந்திராணி பதினொன்றரைக்கு வந்தார். கூட ஒரு கொன்ஸ்டபிள். சார்ஜண்ட் உயரம் குறைந்த, களைத்த முகமுள்ள பெண். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்ததால் புளோறன்ஸுக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

"தேத்தண்ணி போடவா மிஸ்?"

"எப்பா எப்பா, வேணாம் அக்கா. முதல்ல இது." சார்ஜண்டுக்குத் தமிழ் ஓரளவு வரும். வராத இடத்தைச் சிங்களத்தால் நிரப்புவார். குஷனைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், அந்தோனியாரையும் பார்த்தார். "யார் அனுப்பினது?"

"பெட்டி வந்தது. திறந்தம். இருந்தது," என்றாள் செலீன்.

"யார் அக்கா அனுப்பினது?"

"ஆட்டோவில வந்தது."

நோபேட் தங்கச்சியை வெறித்துப் பார்த்தார். சார்ஜண்ட் பெருமூச்சு விட்டார். மறைக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவரின் பெருமூச்சு. கையுறை போட்டு, பிஸ்டலிலிருந்து குண்டுக் கூட்டைக் கழற்றினார். ஆறு குண்டு. பிறகு அதைச் சாய்த்துப் பிடித்து, பக்கத்தில் வெட்டியிருந்த இலக்கத்தை ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். கொன்ஸ்டபிள் எழுதினார்.

"பிழை," என்றாள் செலீன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"இலக்கம் பிழை. எட்டில தொடங்கோணும். எட்டு, பூச்சியம், ரெண்டு, ஏழு, அஞ்சு."

வருடா வருடம் டிசம்பரில் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும் படிவம் வரும். பேர்னாடின் கையெழுத்து அவருக்கே புரியாது. செலீனுடையது அச்சு மாதிரி. ஐந்து வருடமாக அவள்தான் நிரப்பினாள். கணவன் பெயர், விலாசம், துப்பாக்கியின் இலக்கம். எதற்காகத் தேவை என்ற கேள்விக்கு, உயிர்ப் பாதுகாப்புக்கு என்று எழுதுவாள். யாருடைய உயிர் என்று படிவம் கேட்டதில்லை. கடைசி இரண்டு வருடமும் அதைக் கட்டுப் போட்ட கையைத் தாளின் மேல் வைத்து, மற்றக் கையால் நிரப்பினாள்.

துப்பாக்கியை அவள் உற்றுப் பார்த்ததே இல்லை. அது மேசைக்கு வந்தால் அவள் கண் கோப்பையை விட்டு எழும்பாது. இலக்கம் மட்டும் மனப்பாடம்.

"ஷுவர்த அக்கா? நல்லாத் தெரியுமா?"

"ஓம்."

சார்ஜண்ட் பால்கனிக்குப் போய்ப் போனில் சிங்களத்தில் கதைத்தார். திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது.

"லைசன்ஸ் கொப்பியில எட்டு, பூச்சியம், ரெண்டு, ஏழு, அஞ்சு," என்றார். "நீங்க சொன்னது சரி. இது லைசன்ஸ் இல்லாத ஒண்டு."

புளோறன்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப மற்றது?"

மற்றதைப் பேர்னாட் எங்கோ ஒளித்து வைத்துவிட்டு, மனைவி களவெடுத்தாள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நீதிமன்றம் அந்த ஒன்றைத்தான் கேட்டது. அந்த ஒன்றுக்குத்தான் அனுமதித் தாள் இருந்தது. அதையும் இனித் தேடுவதென்றால் செலீனிடம்தான் தேட வேண்டும்.

செலீனுக்கு வேறு ஒரு யோசனை ஓடியது. இதைக் காணாவிட்டால் பேர்னாட் முதலில் பிடிப்பது மாமியைத்தான்.

"மாமி," என்றாள். "அனுப்பினது என்ர மாமி. பேர்னாடின்ர அம்மா. அவ அந்த வீட்டில அவரோட தனிய இருக்கிறா."

கொடுத்த வாக்கு ஒன்றரை மணித்தியாலம் தாக்குப் பிடித்தது.

"கோல் பண்ணுங்க," என்றார் சார்ஜண்ட். "ஸ்பீக்கர்ல."

மாக்ரெட் உடனே எடுத்தார்.

"மாமி, அதை எங்க இருந்து எடுத்தனீங்க? அலுமாரியிலயோ?"

"அலுமாரிப் பூட்டின்ர திறப்பு அவனிட்டையெல்லோ. நான் எடுத்தது அரிசி டிரம்முக்குள்ள. அடியில, பொலித்தீனில சுத்தி இருந்தது."

செலீன் அந்த டிரம்முக்குள் நாளுக்கு ஒரு தரம் கை விட்டிருக்கிறாள். மாதக் கடைசியில் அரிசி குறையும்போது தோள்வரை விட்டிருக்கிறாள்.

"பேர்னாட் எங்க மாமி?"

"கொஞ்சம் முந்தி வெளிய போனவன்." மாக்ரெட் தயங்கினார். "நீ கோல் எடுத்து வச்ச பிறகு குசினிக்க வந்தவன். டிரம்முக்க கை விட்டுத் துழாவினவன். பிறகு டிரம்மை அப்பிடியே நிலத்தில கவிட்டுக் கொட்டினவன். ஒண்டும் கேக்கேல்ல பிள்ளை. ஒரு சொல்லுக் கேக்கேல்ல. என்னைப் பார்த்தான், போயிட்டான். நான் இவ்வளவு நேரமும் அரிசி கூட்டி அள்ளிக்கொண்டிருக்கிறன்."

சார்ஜண்ட் கொன்ஸ்டபிளிடம் என்னவோ சொல்ல, அவர் வயர்லெஸ்ஸோடு வெளியே ஓடினார்.

"கோட் ஓடர்ல அம்மாட பேர் இல்ல," என்றார் சார்ஜண்ட் தாழ்ந்த குரலில். "உங்கட பேர் மட்டும்தான். ஆனா ஜீப் போகும். பத்து நிமிஷம், பதினஞ்சு நிமிஷம். அம்மாவ வெளிய வரச் சொல்லுங்க."

"மாமி, இப்பவே வெளிக்கிடுங்கோ. லூசியா கோயிலுக்குப் போய் உள்ளுக்க இருங்கோ. பொலிஸ் வரும்."

"இந்த வெய்யிலுக்கையோ?"

"ஓம், இந்த வெய்யிலுக்கதான்!"

"அரிசி இன்னும் பாதி நிலத்தில—"

"அரிசி கிடக்கட்டும் மாமி!"

"சரி சரி, கத்தாத. ஒரு நல்ல சீலை மாத்திக்கொண்டு—"

"மாத்தாதீங்கோ! செருப்பைக் கொழுவிக்கொண்டு நடவுங்கோ!"

"வீட்டுச் சட்டையோட கோயிலுக்கோ?" மாக்ரெட்டின் குரலில் அன்று முதன்முறையாக அதிர்ச்சி தெரிந்தது. "ஃபாதர் என்ன நினைப்பார்?"

நோபேட் எழுந்து போன் பக்கம் குனிந்தார். "அன்ரி, நான் நோபேட். செலீன் சொல்லுறதைக் கேளுங்கோ. தயவு செய்து."

"சரி தம்பி. போறன். செருப்பு இந்தா இருக்கு." காலை இழுத்து நடக்கும் சத்தம் கேட்டது. கதவு கிரீச்சிட்டது. முற்றத்து வெயிலுக்கு வந்துவிட்டார் போலும், தூரத்தில் பஸ் சத்தமும் சேர்ந்து கேட்டது.

அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் ஹோர்ன். கிட்டத்தில். இரண்டு தரம்.

"அவன்தான்," என்றார் மாக்ரெட். "கேட்டடியில நிக்கிறான். உள்ளுக்க நான் பூட்டுப் போட்டிருக்கிறன்."

"திறக்காதீங்கோ மாமி. உள்ளுக்க போங்கோ. கதவைப் பூட்டுங்கோ."

ஹோர்ன் இன்னொரு தரம் அடித்தது. இந்த முறை நீளமாக.

"அம்மாவுக்குச் சொல்லுங்க, திறக்க வேணாம் எண்டு!" என்றார் சார்ஜண்ட்.

"மாமி, உங்கட காலில விழுறன், திறக்காதீங்கோ!"

"என்ன பிள்ளை கதைக்கிறாய்," என்றார் மாக்ரெட். "பெத்த மகனை நடுரோட்டில நிப்பாட்டி வச்சா அயலில என்ன நினைப்பினம்? அடுத்த வீட்டு மனுசி இப்பவே எட்டிப் பாக்குது. வைக்கிறன்."

வைத்துவிட்டார்.